1920 மாடல் பைக்… 295 கி.மீ வேகம்! டயரை கத்தியால் சீவிய பர்ட் மன்றோ யார்?

புதுசா வாங்கும்போது மணிக்கு சுமார் 88 கி.மீ வேகம்தான் போகும் பைக் அது. 47 வருஷம் கழித்து அதே பைக் 295 கி.மீ வேகத்தைத் தொட்டது. ஓட்டியவருக்கு அப்போது வயது 68. அவர்தான் நியூசிலாந்தைச் சேர்ந்த பர்ட் மன்றோ.

பெயர்தான் 'இந்தியன்'

1899-ல் இன்வர்கார்கில் பகுதியில் பிறந்தவர் மன்றோ. 1920-ல் அவர் வாங்கிய பைக்கின் பெயர் 'இந்தியன் ஸ்கவுட்'. பெயரைப் பார்த்து நம்ம ஊர் பைக் என்று நினைக்க வேண்டாம், இது அமெரிக்கத் தயாரிப்பு.

பகலில் பைக் விற்கும் வேலை, ராத்திரியில் ஷெட்டில் இன்ஜின் வேலை. பழைய டின்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். 600 சிசி இன்ஜின் கடைசியில் 950 சிசி ஆனது.

டயரில் என்ன சிக்கல்?

இன்ஜினை மாற்றினால் மட்டும் போதாது, டயர் தாங்க வேண்டுமே! சக்கரம் சுற்றும்போது ரப்பரை வெளியே இழுக்கும் விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். 88-லிருந்து 295-க்குப் போனால் சுமார் 11 மடங்கு. வெளியே கனமாக இருக்கும் பட்டன் ரப்பர் சூடாகி, பிய்த்துக்கொண்டு பறக்கும் ஆபத்து உண்டு.

மன்றோ என்ன செய்தார் தெரியுமா? சாதாரண டயரை எடுத்து, பட்டனை கத்தியால் சீவி வழவழப்பாக்கினார். ரப்பரின் எடை குறைந்தது, ஆபத்தும் குறைந்தது.

உப்புத் தரையில் சாதனை

அவர் ஓட்டியது அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் உள்ள பான்வில் உப்புச் சமவெளி. 1967-ல் அங்கே 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். 1978-ல், 78 வயதில் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. அன்றைய கணக்கில் ஒரு பிழை இருப்பதை 2014-ல் அவரது மகன் கண்டுபிடித்தார். சாதனை வேகம் 296 கி.மீ எனத் திருத்தப்பட்டது. இறந்து 36 வருஷம் கழித்து, தன் சாதனையைத் தானே முந்தினார் மன்றோ!

நாமும் டயரைச் சீவலாமா?

கூடவே கூடாது. உப்புத் தரையில் மழைத் தண்ணீர் இல்லாத நாளில்தான் ஓட்டினார் மன்றோ. நம்ம ரோட்டில் மழை பெய்தால் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதே அந்தப் பட்டன்தான். அது இல்லாவிட்டால் வண்டி வழுக்கிவிடும்.

பழைய பைக்குக்குப் புது டயர் போடுபவர்கள் அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தையும் பாருங்கள். 'பி' என்றால் 150, 'எஸ்' என்றால் 180, 'எச்' என்றால் 210 கி.மீ வரை தாங்கும். மன்றோ கத்தியோடு உட்கார்ந்து தேடிய விடை, இன்று டயரிலேயே அச்சாகி வருகிறது.