உவமைகளை எண்ணிய பேராசிரியை

கரோலின் ஸ்பர்ஜன் அம்மையார் 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் நம் இந்திய நாட்டில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் அதிகாரி. எனினும் அம்மையார் கல்வி கற்றது இங்கிலாந்திலும் ஜெர்மனியிலுமே.

அந்நாளில் ஆக்ஸ்போர்டில் பெண்கள் தேர்வு எழுதலாம், முதல் வகுப்பில் தேறவும் செய்யலாம். பட்டம் மட்டும் கிடையாது. அக்கதவு 1920-இல்தான் திறந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1878-இலேயே பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது. ஆனால் பேராசிரியர் பதவியில் ஒரு பெண்ணை அமர்த்த அதற்கும் 35 ஆண்டுகள் ஆயின. பெட்ஃபோர்டு மகளிர் கல்லூரியில் 1901 முதல் பணியாற்றி, 1911-இல் பாரிஸில் சாசரைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டமும் பெற்ற ஸ்பர்ஜனே 1913-இல் அப்பதவிக்கு வந்தார். அதே ஆண்டில், ஆங்கில இலக்கியத்தில் இறையனுபவம் பெறும் இடத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலும் வெளிவந்தது.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-இல், கல்வித் தூதுக்குழு ஒன்றில் அமெரிக்கா சென்றார். உடன் சென்ற ரோஸ் சிட்ஜ்விக் அம்மையார், அவ்வாண்டு உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சலுக்கு நியூயார்க்கில் பலியானார். அப்பயணத்தில் விதைத்த எண்ணமோ மடியவில்லை. பல நாட்டுப் பட்டதாரிப் பெண்கள் நட்புக் கொண்டால் இன்னொரு போரைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் 1919-இல் ஓர் அனைத்துலகக் கூட்டமைப்புத் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஸ்பர்ஜன்.

அவருக்கு நிலைத்த புகழ் தந்தது 1935-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் ஆய்வு நூல். தேர்வுக்காக இரண்டு உவமைகளை மனப்பாடம் செய்வதற்கே நாம் சலித்துக்கொள்கிறோம். அவரோ ஷேக்ஸ்பியரின் எல்லா நாடகங்களிலும் உள்ள உவமை, உருவகங்களை ஒன்று விடாமல் பொறுக்கி, வகைப்படுத்தி, எண்ணினார். பேக்கன், மார்லோ முதலிய சமகாலத்தவர் எழுத்துகளோடு ஒப்பிட்டு, வண்ணக் கட்டங்களாக வரைந்தும் காட்டினார். கணினி இல்லாத காலம் அது! ரோமியோ ஜூலியட்டில் ஒளி திரும்பத் திரும்ப வருகிறது. ஹாம்லெட்டில் நோயும் புண்ணும். மாக்பெத்தில் வருவது அளவு பொருந்தாத ஆடை; திருடிய அரச பதவி அவன் உடம்பில் தொளதொளவென்று தொங்குகிறது. நாடகத்தைப் பலமுறை படித்தவர்களும் கவனியாதது இது.

அத்தோடு நின்றிருக்கலாம். உவமைகளைக் கொண்டே கவிஞரின் விருப்பு வெறுப்புகளையும் கண்டறிய முயன்றார். அதைப் பின்வந்த அறிஞர் பலர் ஏற்கவில்லை. கவிஞன் பாடுவதெல்லாம் அவன் சொந்தக் கதையாகிவிடுமா? ஆனால் மறுத்தவர்களும் அவர் திரட்டிய சான்றுகளைப் புரட்டாமல் மறுக்க இயலவில்லை.

1936-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் குடியேறினார். அவர் அஞ்சிய போர் மீண்டும் மூண்டது. அது ஓயுமுன், 1942 அக்டோபர் 24 அன்று, தம் 73-ஆம் பிறந்த நாளிலேயே அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.