மருந்தா, நஞ்சா? – இரேச்சல் கார்சன்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழையிலோ பயற்றிலோ பூச்சி விழுந்தால், மருந்து அடிக்க வேண்டும் என்று பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். மலையாளத்திலும் இச்சொல்லே வழங்குகிறது. நோய் தீர்க்கும் பொருளுக்குரிய பெயரை நஞ்சுக்கும் இட்டுவிட்டோம்! பூச்சிக்கொல்லி என்னும் பெயரும் போதாது, உயிர்க்கொல்லி என்பதே தகும் என்று கருதியவர் இரேச்சல் கார்சன்.

இவர் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தை மறைந்ததால் குடும்பச் சுமை இவர்மேல் விழுந்தது. அரசின் மீன்வளத்துறையில் பணியேற்றார். 1951இல் வெளிவந்த கடல் பற்றிய நூல் புகழும் பொருளும் ஈட்டித் தரவே, மறு ஆண்டு பணியைத் துறந்து எழுத்தில் ஈடுபட்டார்.

அந்நாளில் டி.டி.டி. பெரிதும் போற்றப்பட்டது. மலேரியா பரப்பும் கொசுக்களை அழித்து அது பல உயிர்களைக் காத்தது உண்மையே. ஆயினும் 1958இல், வானூர்தியிலிருந்து அது தெளிக்கப்பட்டபின் தம் தோட்டத்துப் பறவைகள் இறந்தமை குறித்துத் தோழி ஒருவர் கார்சனுக்கு மடல் எழுதினார். அதே ஆண்டில் நம் கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு இந்தியாவில் அந்நஞ்சினால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கார்சனும் தம் நூலில் குறித்துள்ளார்.

ஒரு நஞ்சின் தீங்கை எவ்வாறு மதிப்பிடுவது? தெளித்த அளவை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்குக் கார்சன் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியைச் சான்று காட்டினார். அங்குச் சிறு பூச்சிகளை ஒழிக்க 1949இல் டி.டி.டி. இனத்து நஞ்சு ஒன்றை நீரில் கலந்தனர். ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கே நஞ்சு, எவரும் அஞ்சவில்லை. பின்னர் மீண்டும் கலந்தனர். முக்குளிப்பான் பறவைகள் இறக்கத் தொடங்கின. அவற்றின் கொழுப்பை ஆராய்ந்தபோது பத்து இலட்சத்தில் 1600 பங்கு நஞ்சு இருந்தது! நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை மீன்கள் உண்டன. மீன்களைப் பறவைகள் உண்டன. கரையாத நஞ்சு படிதோறும் செறிந்து பெருகியது.

இத்தகைய சான்றுகளைத் தொகுக்கையில் கார்சனைப் புற்றுநோய் பற்றியது. நோயின் கசப்பால் எழுதினார் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதென அதனை மறைத்தே உழைத்தார். 1962இல் மௌன வசந்தம் என்னும் அந்நூல் வெளிவந்தது. வேதிப்பொருள் நிறுவனங்கள் சீறின. பெண் என்றும் இகழ்ந்தனர். நஞ்சுகளை அறவே விலக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. ஆராயாமல் தெளிப்பதையே எதிர்த்தார். 1963இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் குழு அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், 56ஆம் அகவையில் கார்சன் மறைந்தார்.

1968இல் இந்தியா பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றியது. அதற்குக் கேரளத்து உயிரிழப்புகளே தூண்டுகோல். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.க்குத் தடை விதித்தது. நம் மாநிலத்தின் வடகோடியான காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பல்லாண்டுகள் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை 2011இல்தான் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடுத்தது.