மருத்துவர் ஜேக்கப் சாண்டி

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் பழக்கம் தமிழர் ஊர்களிலும் தோட்டப்புறங்களிலும் நெடுநாள் இருந்தது. பேய் பிடித்ததாக அஞ்சியோரும் உண்டு. அது மூளை நோயே என்பதைச் செயலால் காட்டியவர் ஜேக்கப் சாண்டி.

1910இல் கேரளத்தில் பிறந்த சாண்டி, சென்னையில் மருத்துவம் பயின்றார். பின்னர், கனடாவில் வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சை வல்லுநர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார்.

1952இல் 19 வயது இளைஞர் ஒருவர் அவரிடம் வந்தார். குழந்தைப் பருவத்திலேயே மூளையின் ஒரு பாதி பழுதுற்றதால், அவரது உடலின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது, வலிப்பும் தொடர்ந்தது. வளரும் மூளையில், பழுதுற்ற பாதியின் பணிகளை மறுபாதி ஓரளவு ஏற்றுக்கொள்ளும். எனவே, சாண்டி துணிந்து பழுதான பகுதியை அகற்றினார். அதுவே இந்தியாவில் வலிப்பு நோய்க்கு நடந்த முதல் அறுவைச் சிகிச்சையாகும்.

1964இல் பத்மபூஷண் விருது பெற்ற சாண்டி, 2007இல் மறைந்தார்.