கண்ணாடிக்குள் அடங்கும் ஓசை
சர் சி.வி. ராமன் வாழ்க்கை

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே மாநிலக் கல்லூரி இருக்கிறது. 1903-ம் ஆண்டு அங்கே பி.ஏ. வகுப்பில் ஒரு சின்னப் பையன் வந்து உட்கார்ந்தான். வயது 14தான்!

அவர்தான் சந்திரசேகர வேங்கட ராமன். 1888 நவம்பர் 7-ந் தேதி திருவானைக்காவில் பிறந்தவர். பி.ஏ.யில் தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது.

மேல்படிப்புக்குச் சீமைக்குப் போக டாக்டர் சம்மதிக்கவில்லை. அங்குள்ள குளிரை இந்த மெலிந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். எனவே, சர்க்கார் கணக்கு இலாகாவில் சேர்ந்து, 1907-ல் கல்கத்தா போனார். அதே ஆண்டு கல்யாணம். மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர்.

சம்பளத்தை உதறினார்

பகலில் கணக்கு. மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி. பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. 1917-ல் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார். இன்றைக்கும் எத்தனை வீடுகளில் இதற்குச் சம்மதிப்பார்கள்?

வீணை, மிருதங்கம் இரண்டையும் ஆராய்ந்தார். வெறும் தோலைத் தட்டினால் எழும் ஓசைகள் ஒன்றோடொன்று சேராது. மிருதங்கத்தில் கரணை போட்டதும் அவை சுருதியில் சேர்ந்துவிடுகின்றன. இதை 1920-ல் உலகுக்குச் சொன்னார்.

பிறகு ஒளியின் பக்கம் திரும்பினார். தண்ணீர், பனிக்கட்டி, கண்ணாடி எல்லாவற்றிலும் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி ‘ராமன் விளைவு’ பிறந்தது. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. உள்ளே அணுக்கள் அதிர்வதே காரணம். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கூட்டத்தில் தள்ளுமுள்ளு

படிகத்தில் அணுக்கள் பட்டாளத்தார் போல வரிசையாக நிற்கும். கண்ணாடியிலோ, மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாக் கூட்டம் போல் தாறுமாறாக நிற்கும். வரிசையில் ஒருவரைத் தள்ளினால் அந்தத் தள்ளல் கடைசி ஆள்வரை போகும். கூட்டத்தில் தள்ளினால் நாலு பக்கமும் சிதறி அடங்கிவிடும்.

ஓசையும் அப்படித்தான். கண்ணாடி டம்ளரைத் தட்டினால் கணீர் என்கிறதே என்று கேட்கலாம். அது காதுக்குக் கேட்கும் ஓசை. காதுக்கு எட்டாத மிக வேகமான ஒலியைக் கடுங்குளிரில் செலுத்தினால், படிகத்தில் போகும் தூரம் கண்ணாடியில் போகாது. தாறுமாறான அணு அமைப்பு அதை விழுங்கிவிடுகிறது. இன்றும் விஞ்ஞானிகள் சிதறும் ஒளியைக் கொண்டும் இதை அளக்கிறார்கள். ஒலி சீக்கிரம் அடங்கினால், அந்த ஒளிக்கோடு அகன்று மங்கலாகத் தெரியும்.

ராமன் 1933-ல் பெங்களூர் போனார். 1948-ல் அங்கே சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். 1970 நவம்பர் 21-ந் தேதி காலமானார். அவர் விரும்பியபடி, அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது.