அறிஞர் அண்ணாதுரையாரும் நமது மரபும்

ஒருவர் பெரும்புகழ் எய்தினால் அவரைத் தம்மவர் என்று உரிமை பாராட்டுதல் மக்களுக்கு இயல்பேயாம். காஞ்சிமாநகர்ச் செங்குந்த மரபினராகிய நாமும் அறிஞர் அண்ணாதுரையாரை நம்மவர் எனக் கூறி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி தக்கதே. ஆயினும் அப்பெருமகனார் ஆற்றிய செயல்கள் யாவை, அவற்றால் நமக்குற்ற கடமை யாது என ஆராயாது மகிழ்தல் முறையன்று. ஆதலின் அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

சின்னக் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பமொன்றில் நடராசனார்க்கும் பங்காரு அம்மையார்க்கும் மைந்தராய் அவர் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தோன்றினார். சிற்றன்னையார் இராசாமணி அம்மையார் அவரை அன்புடன் வளர்த்தார். காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியிற் பயின்றபின், குடும்பத்தின் வறுமை காரணமாகச் சிறிது காலம் நகராண்மைக் கழகத்தில் எழுத்தராயிருந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து, பொருளியலும் அரசியலும் கற்று, ஆனர்ஸ் பட்டம் பெற்றார். தறிக்குழியினின்று எழுந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்வியே ஊன்றுகோலாயிற்று என்பதை நம் இளைஞர் உளங்கொள்க.

1934-ஆம் ஆண்டு திருப்பூரில் நிகழ்ந்த இளைஞர் மாநாட்டில் பெரியார் ஈ. வெ. இராமசாமியாரைக் கண்டதே அவர் வாழ்வின் திருப்பமாகும். 1942-இல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1944-ஆம் ஆண்டு சேலம் மாநாட்டில் அவர் பெயரால் வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் பெற்றதும் அம்மாநாட்டிலேயேயாம். 1949-இல் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவினார். 1953-இல் கைத்தறித் துணி விலைபோகாது தேங்க, நெசவாளர் பசியால் வாடினர். அக்காலை அண்ணாதுரையாரும் அவர் கழகத்தாரும் துணியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். எனினும் அஃது எல்லா நெசவாளர்க்கும் செய்த உதவியேயன்றி ஒரு மரபினர்க்கு மட்டும் செய்ததன்று.

1957-இல் காஞ்சி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1962-இல் அதே மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அத்தோல்வியால் அவர் மனம் தளர்ந்திலர். மாநிலங்களவை சென்று பணியாற்றினார். 1967 மார்ச்சுத் திங்கள் முதலமைச்சரானார்.

அவ்வாண்டு அவரது அரசு இயற்றிய சட்டங்களுள் சுயமரியாதைத் திருமணச் சட்டம் நாம் சிறப்பாக எண்ணத் தக்கது. புரோகிதரின்றிச் செய்யும் திருமணங்கள் பல்லாண்டுகளாகத் தமிழகத்தில் நடந்துவந்தன. ஆனால் 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் ஒன்றைச் செல்லாதெனத் தீர்த்தது. அதனால் மனையறம் பூண்ட மகளிர் மனைவியெனும் உரிமையையும், அவர்தம் மக்கள் சொத்துரிமையையும் இழக்கும் நிலை எய்தியது. அண்ணாதுரையார் அரசின் சட்டமோ, உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் உறுதி கூறினும், மாலை மாற்றினும், மோதிரம் அணிவிப்பினும், தாலி கட்டினும் திருமணம் செல்லும் என்றது; முன்னர் நடந்தவற்றையும் செல்லத்தக்கனவாக்கியது.

அதே 1967-இல் அமெரிக்க நாட்டிலும் இதனையொத்த மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. வெள்ளையரும் கறுப்பரும் மணத்தல் ஆங்குப் பதினாறு மாநிலங்களில் குற்றமாயிருந்தது. அவ்வாறு மணந்த வர்சீனியா மாநிலத்து லவிங் தம்பதியரின் வழக்கில், அத்தகைய சட்டங்கள் செல்லா என அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள், கறுப்பினத்தார் உரிமைக்கு உழைத்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் சின்னாட்களில் யேல் பல்கலைக்கழகத்தின் சிறப்பு விருந்தினராக அண்ணாதுரையார் அந்நாட்டை அடைந்தார். நிறத்தாற் பிளவுண்ட நாட்டைச் சாதியாற் பிளவுண்ட நாட்டின் தலைவர் கண்டார். பிறப்பினால் மனிதரை வேலியிட்டு நிறுத்தும் வழக்கம் ஒரு நாட்டுக்கே உரியதன்று என்பது இவ்விரண்டாலும் விளங்கும்.

அவ்வாண்டே நோய் அவரைப் பற்றியது. நியூயார்க்கில் அறுவை மருத்துவம் பெற்று மீண்டார். 1969 சனவரி 14-ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றதைக் கண்டார். பிப்ரவரி 3-ஆம் நாள் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே! சாதிப்பட்டம் ஒட்டாத பெயராலேயே உலகம் அவரை அறிந்தது. நாமோ அவர் படத்தை முன்னிறுத்தி, அவர் விடுத்த பட்டத்தைத் திருமண அழைப்பிதழ்களில் அச்சிடுகின்றோம். நம் மகனோ மகளோ பிற மரபில் துணை தேடின், அவர் பெயரை மறந்து வாயிலை அடைக்கின்றோம். சங்கம் வைத்து நம் ஏழை மாணவர்க்குக் கல்வியுதவி செய்தலும், தறி நின்ற குடும்பத்தைத் தாங்குதலும் நன்றே. ஆனால் அண்ணாதுரையாரை நம்மவர் என்னும் உரிமை, அச்சங்கத்தை வேலியாக்காது வாயிலாக்குவார்க்கே உரித்து. அடுத்த திருமணப் பேச்சு நம் இல்லத்தில் எழும்போது இதனை நினைவோமாக.