திரைக்குள் ஓடிய பள்ளி வண்டி

இன்றைய வங்கதேசத்தின் வடபகுதியில், ரங்பூருக்கு அருகே பைராபந்த் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர் ஜமீன்தார் இல்லத்தில் 1880ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ரொக்கையா என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் வங்காள முஸ்லிம் பெண்களின் கல்விக்கு வித்திட்டவர் என்று போற்றப்பட்ட பேகம் ரொக்கையா அம்மையார் இவரே.

அக்குடும்பத்தில் கோஷா முறை மிகக் கடுமையாக இருந்தது. (திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் பெண்கள் திரைக்குள் வாழ்ந்த வழக்கமே கோஷா.) ரொக்கையாவுக்கு ஐந்து வயது ஆனதும் ஆண்கள் மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் பெண்கள் முன்னும் தோன்றக் கூடாது என்று கட்டளை பிறந்தது. ஒரு முறை, உறவினர் வீட்டுப் பணிப்பெண்கள் வந்து தங்கியிருந்தபோது, அவர்கள் அங்குமிங்கும் நடமாடியதால் இச்சிறுமி மேல்மாடி அறையில் சில நாட்கள் ஒளிந்து கிடக்க வேண்டியதாயிற்று. வேளைக்கு உணவும் சரியாகக் கிட்டவில்லை. பிற்காலத்தில் இதை அவர் சிரிப்பும் கசப்பும் கலந்து எழுதினார்.

தந்தையார் கல்வி அறியாதவர் அல்லர். பல மொழிகள் கற்றவர். ஆண்மக்களைக் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆன் ஓதுதலும் சிறிது உருதுவும் போதும் என்று எண்ணினார். தாய்மொழியாகிய வங்காளம் பெண்களுக்குக் கூடாது. ஆங்கிலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூத்த மகள் கரீமுன்னிசா முற்றத்து மண்ணில் குச்சியால் எழுத்துகளைக் கீறிப் பழகினாள். வங்காள நூலும் கையுமாக அவள் இருந்தது உறவினர் கண்களை உறுத்தியது. விளைவு, படிப்பு நின்றது. பதினைந்து வயது நிறையுமுன் திருமணமும் முடிந்தது.

ஆனால் தங்கையின் கதை வேறு விதமாக அமைந்தது. அண்ணன் இப்ராகிம் சாபெர், இரவில் வீடு உறங்கிய பின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளுக்கு ஆங்கிலம் கற்பித்தார். அக்காள் வங்காளம் கற்பித்தாள். நமக்கு அட்டவணை போட்டு, மணி அடித்து, இடைவேளையும் விட்டுக் கற்பிக்கிறார்கள். ரொக்கையாவின் பாடவேளையோ நள்ளிரவு!

இளம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தேறியது. கணவர் சகாவத் உசேன் பீகாரில் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர். பொருந்தாத மணம் என்றே நமக்குத் தோன்றும். ஆயினும் அவர் பெருந்தன்மையுள்ள மனிதர். மனைவி எழுதுவதைத் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார். அவர் சுற்றுப்பயணம் போயிருந்த ஒரு நாள், பொழுது போகாமல் ரொக்கையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். அதுவே 'சுல்தானாவின் கனவு'.

அக்கதையில் ஒரு பெண்கள் நாடு வருகிறது. அங்கே ஆண்களெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டுச் சமையலையும் குழந்தைகளையும் கவனிக்கிறார்கள். பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள். சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்குகிறார்கள். படையெடுத்து வந்த பகைவரைக்கூடச் சூரியக் கதிர்களைக் குவித்தே விரட்டி விடுகிறார்கள். ஊர் திரும்பிய கணவர் நின்றபடியே கதை முழுவதையும் படித்து முடித்து, ஆண்களை நன்றாகப் பழிவாங்கி விட்டாய் என்னும் பொருள்படப் பாராட்டினாராம். அக்கதை முதன்முதலில் வெளியானது எங்கே தெரியுமா? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் அம்மையார் ஆசிரியராயிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் இதழில், 1905இல் அது அச்சேறியது. பாகல்பூரில் திரைக்குள் இருந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் கனவுக்குச் சென்னையில் ஒரு கிறிஸ்தவப் பெண் இடம் கொடுத்தார்.

வாழ்வில் துயரம் தொடர்ந்தது. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. 1909இல் கணவரும் காலமானார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதைக் கொண்டு அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ரொக்கையா பள்ளி தொடங்கினார். மூத்த தாரத்து மகளோடு ஏற்பட்ட பிணக்கினால் அவ்வூரில் இருக்க முடியவில்லை. கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, 1911 மார்ச் 16ஆம் நாள், வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். அதுவரை ஒரு பள்ளிக்குள்ளும் காலடி வைத்து அறியாதவர் அவர்! பிற பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடத்துவது எப்படி என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

கற்பிப்பதைக் காட்டிலும் மாணவியரைப் பள்ளிக்குக் கொண்டு வருவதே பெரும்பாடாக இருந்தது. வீதியில் நடந்து வரப் பெற்றோர் விடமாட்டார்கள். ஆகவே மூடிய மோட்டார் வண்டி ஒன்று ஏற்பாடாயிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத அந்த வண்டியில் முதல் நாளே பிள்ளைகள் வாந்தி எடுத்தனர்; சிறு குழந்தைகள் இருட்டில் அழுதனர். பலகையைத் திறந்து வண்ணத் திரைகள் தொங்க விட்டார்கள். அப்போதும் சிலருக்குத் தலைவலி, மயக்கம். நடமாடும் இருட்டறை என்று தெரிந்தவர்கள் கேலி செய்தனர். இவ்வளவும் போதாதென்று கடிதங்கள் வரத் தொடங்கின. காற்றில் திரை அசைகிறதாம். உள்ளே இருக்கும் பெண்கள் தெரிகிறார்களாம். உடனே சரி செய்யாவிட்டால் பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல்! திரையை இறுக்கினால் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். தளர்த்தினால் பள்ளியையே மூடச் சொல்கிறார்கள். என்னதான் செய்வது?

ரொக்கையா திரையை முற்றும் கிழித்தெறியவில்லை. கோஷா முறையின் கொடுமைகளை எழுத்தில் அவர் விட்டு வைக்கவில்லை. ரயில் நிலையத்தில் புர்கா சிக்கித் தண்டவாளத்தில் விழுந்த ஒரு பெண்ணை அந்நிய ஆடவர் தொட்டுத் தூக்கக் கூடாது என்று தடுத்ததால், அவர் ரயிலில் நசுங்கி இறந்த உண்மை நிகழ்ச்சியை அவர் எழுதியிருக்கிறார். அத்தகைய நிகழ்ச்சிகளின் தொகுப்பே 1931இல் நூலாக வந்த 'அபரோத்பாசினி'. அவ்வளவு எழுதியவர், தாமே புர்கா அணிந்து வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். கல்வி தேடுவது இருபாலார்க்கும் கடமை என்று தம் மார்க்கமே விதித்திருப்பதை எடுத்துக் காட்டினார். இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையோடு சண்டையிட்டு வென்றிருந்தால் அவருக்குப் புகழ் கிடைத்திருக்கும். அந்த எட்டுப் பெண்கள் மட்டும் வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பார்கள். முதலில் எழுத்து, பிறகு மற்றவை என்று அவர் கணக்குப் போட்டார்.

வங்கி ஒன்று முறிந்ததால் பள்ளிப் பணத்தை இழந்தார். ஏச்சும் பேச்சும் ஓயவில்லை. எனினும் எட்டு என்ற எண்ணிக்கை சில ஆண்டுகளில் எண்பதைத் தாண்டியது. குர்ஆன், உருது, ஆங்கிலத்தோடு தையல், நோயாளர் பராமரிப்பு, உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. 1916இல் முஸ்லிம் பெண்கள் சங்கம் ஒன்றை நிறுவி, ஏழை விதவைகளுக்கும் குடிசைப் பகுதிப் பெண்களுக்கும் உதவினார். அவர் வாழ்நாளின் இறுதிக்குள் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகி விட்டது.

1932 டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில் அம்மையார் உயிர் நீத்தார். முந்தின இரவும் எழுதிக் கொண்டிருந்தார். பெண்களின் உரிமையைப் பற்றிய கட்டுரை மேசை மீது முடிவு பெறாமல் கிடந்தது. வங்கதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கையா தினமாகக் கொண்டாடப்படுகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவியர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்கத்தாவில் அவர் வளர்த்த பள்ளி பிற்பாடு அரசுப் பள்ளியாயிற்று. இன்று அது லார்டு சின்ஹா சாலையில் நடைபெறுகிறது. அதன் பெயர்ப் பலகையில் ரொக்கையாவின் பெயர் இல்லை. 'சகாவத் நினைவுப் பள்ளி' என்று, பணம் தந்த கணவரின் பெயரையே அவர் வைத்துவிட்டுப் போனார்.