டாக்டருக்கே படிக்காத பாஸ்டர், நாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடித்தது எப்படி?

புதுச்சேரியில் யாரையாவது நாய் கடித்துவிட்டால், கோரிமேட்டுக்குப் போ என்பார்கள். ஜிப்மர் இருப்பது அங்கேதான். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் ஆனது. நாய்க்கடி தடுப்பூசிக்கு முதன்முதலில் வழி திறந்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: லூயி பாஸ்டர். இதில் ஆச்சரியம் என்னன்னா, அவர் டாக்டரே இல்லை. கெமிஸ்ட்ரி பேராசிரியர்!

புளிப்பில் தொடங்கிய ஆராய்ச்சி

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் டோல் ஊரில் பிறந்தார் பாஸ்டர். அப்பா தோல் பதனிடுபவர். சிறுவயதில் பாஸ்டருக்குப் படம் வரைவது நன்றாக வரும், படிப்பில் சுமார்தான். 1843-ல் பாரிஸின் புகழ்பெற்ற எகோல் நார்மல் கல்லூரியில் சேர்ந்து, 1847-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

அடுத்த ஆண்டே முதல் பெரிய கண்டுபிடிப்பு. நம்ம வீட்டுப் புளியில் இருக்கும் டார்ட்டாரிக் அமிலம், ஒயின் பீப்பாய்களிலும் படியும். அதேபோல இன்னொரு அமிலமும் கிடைத்தது. இரண்டுக்கும் கலவை ஒன்றுதான். ஆனால் ஒன்றின் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பியது, மற்றது திருப்பவில்லை. ஏன்?

இரண்டாவது அமிலத்தின் உப்புப் படிகங்களைக் கூர்ந்து பார்த்தார் பாஸ்டர். அதில் வலது கையும் இடது கையும் போல இரண்டு வகை கலந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு வகை ஒளியை வலப்பக்கம் திருப்பியது, இன்னொன்று இடப்பக்கம். இரண்டும் கலந்திருந்ததால்தான் விளைவு தெரியாமல் போனது. அப்போது அவருக்கு வயது 25.

கெமிஸ்ட்ரியிலிருந்து கிருமிக்கு

1849-ல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவரின் மகள் மேரி லாரன்டைத் திருமணம் செய்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதி, கடைசிவரை உடன் உழைத்தவர் மேரி. 1854-ல், 31 வயதில், லீல் நகர அறிவியல் புலத்துக்கு டீன் ஆனார் பாஸ்டர்.

அந்த ஊரில் பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் இருந்தன. சரக்கு ஏன் கெட்டுப்போகிறது என்று கேட்டு வந்தார் ஒரு முதலாளி. நொதித்தல் என்பது வெறும் ரசாயன மாற்றம் அல்ல, உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்ற முடிவுக்கு பாஸ்டர் வந்தார். ஒயினை மிதமாகச் சூடாக்கினால் கெடாது என்றும் காட்டினார். இன்று பால் பாக்கெட்டில் நாம் பார்க்கும் பாஸ்சரைஸ்டு என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

அவர் வாழ்க்கை நேர்கோட்டில் ஏறவில்லை. 5 பிள்ளைகளில் 3 பெண்கள் சிறுவயதிலேயே இறந்தார்கள். எகோல் நார்மலில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தபோது கறாராக நடந்துகொண்டார். மாணவர்கள் கொந்தளித்ததால் 1867-ல் அந்தப் பதவியை விட்டார். சோர்போனில் வேதியியல் பேராசிரியர் ஆன மறு வருஷமே பக்கவாதம், இடதுபக்கம் பாதித்தது. அதன்பிறகு, கைவேலையைப் பெரும்பாலும் உதவியாளர்கள் செய்தார்கள்.

1885-ல் நடந்தது என்ன?

ஜூலை 6. வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்த 9 வயது ஜோசப் மைஸ்டரை அவன் அம்மா அழைத்து வந்தார். பாஸ்டரிடம் இருந்தது, நோய் தாக்கிய முயலின் தண்டுவடத்தை உலரவைத்து, வீரியம் குறைத்து எடுத்த மருந்து. மருத்துவம் பார்க்க அவருக்கு உரிமம் கிடையாது. அதனால் டாக்டர் கிரான்ஷே ஊசி போட்டார். வீரியம் குறைந்ததில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, 13 ஊசிகள். பையன் பிழைத்தான்.

கதை இதோடு முடியவில்லை. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் 20-ம் நூற்றாண்டில் வெளியே வந்தன. மைஸ்டருக்குப் போட்ட அதே முறையை, ஏற்கெனவே கடிபட்ட நாய்களிடம் அவர் சோதித்து முடித்திருக்கவில்லை என்பது அதில் தெரிந்தது. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வந்துவிடாது என்பதால், பையன் ஊசி இல்லாமலும் பிழைத்திருக்கலாம். இன்றைய விதிகளின்படி இப்படி ஒரு ஊசி போட அனுமதியே கிடைக்காது. ஆனால், அறிகுறி தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட நிச்சய மரணம் என்கிற நோய் இது. அந்த அம்மாவுக்கு வேறு வழியும் இல்லை.

அதே ஆண்டு லூயிஸ் பெல்லத்தியே என்ற சிறுமியைக் கொண்டுவந்தார்கள். கடிபட்டு 37 நாள் ஆகியிருந்தது. தாமதம் என்று தெரிந்தும் பாஸ்டர் ஏற்றுக்கொண்டார். அவள் இறந்துபோனாள். வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது. அது போய்ச் சேர்வதற்குள் உடலில் எதிர்ப்பு உருவாகிவிட வேண்டும். தடுப்பூசியின் சூட்சுமமே அந்த இடைவெளிதான்.

குன்னூருக்கு வந்த ஊசி

1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நீலகிரியின் குன்னூரிலும் அவர் பெயரில் நிறுவனங்கள் வந்தன. தொப்புளைச் சுத்தி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. அதை நிறுத்தி 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி.

1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் மறைந்தார். அந்த நாள்தான் இன்று உலக ரேபிஸ் தினம். நாய் கடித்தால், நக கீறலாகவே இருந்தாலும், முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்லும் தேதிகளில் மிச்ச ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.